மூளையிலிருந்து நோயெதிர்ப்புச் செல்களைப் பிரித்து எண்ணுவது எப்படி: நரம்பியலுக்கும் நோயெதிர்ப்பியலுக்கும் நடுவே ஆய்வுக்கு வருபவர்களுக்கு

நரம்பியல் படித்துவிட்டு நோயெதிர்ப்பியல் பக்கம் வருபவரும், அங்கிருந்து மூளைக்கு வருபவரும் முதல் வருடத்தில் ஒரே சோதனையில்தான் தடுக்கி விழுகிறார்கள். சுண்டெலியின் மூளையைக் கரைத்து, அதிலுள்ள நோயெதிர்ப்புச் செல்களை வெளியே எடுத்து, ஃப்ளோ சைட்டோமீட்டரில் (சாயமேற்றிய செல்களை ஒவ்வொன்றாக லேசர் ஒளியில் படிக்கும் கருவியில்) எண்ணும் சோதனை அது. நரம்பியல்காரரின் கண்ணுக்கு ரத்தம் படாது. நோயெதிர்ப்பியல்காரரின் கண்ணுக்கு மையலின், அதாவது நரம்பிழைகளைச் சுற்றிய கொழுப்புறை, படாது. மண்ணீரலை வலையில் தேய்த்துப் பத்து நிமிடத்தில் செல் எடுத்துப் பழகிய கை, மூளையையும் அப்படியே தேய்த்தால் டியூபில் மிஞ்சுவது வெண்ணெய்தான்.

இந்த இரண்டு துறைகளும் சேர்ந்ததே கைவேலையால்தான் என்று சொன்னால் மிகையில்லை. பியோ டெல் ரியோ ஓர்தேகா 1919இல் வெள்ளிச் சாயம் ஏற்றும் முறையைத் திருத்திய பிறகுதான் மூளையில் குடியிருக்கும் நோயெதிர்ப்புச் செல்லான மைக்ரோகிளியா தனிச் செல்லாகக் கண்ணுக்குத் தெரிந்தது. மூளையில் ஒட்டிய அந்நியத் தோல் எளிதில் நிராகரிக்கப்படுவதில்லை என்று பீட்டர் மெடவார் 1948இல் காட்டினார். மூளைக்கும் நோயெதிர்ப்பு மண்டலத்துக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்ற எண்ணம் அதன்பின் பல பத்தாண்டுகள் நிலைத்தது. 2015இல் அதே மூளையின் உறையில் நிணநீர்க் குழாய்கள் இருப்பதை ஜோனதன் கிப்னிஸின் ஆய்வகத்தில் அந்துவான் லூவோ கண்டார். அதே வருடம் ஃபின்லாந்தில் காரி அலிடாலோவின் குழுவும் கண்டது. லூவோ செய்த வித்தை ரொம்பச் சின்னது. உறையை உரித்துவிட்டுப் பதப்படுத்தாமல், மண்டையோட்டில் ஒட்டியிருக்கும்போதே பதப்படுத்தி, பிறகு உரித்தார். சுருங்காத, கிழியாத உறையில் குழாய்கள் வரிசையாகத் தெரிந்தன.

ஆகவே கோட்பாட்டை விட்டுவிட்டுக் கைவேலைக்கு வருவோம்.

முந்தைய நாள்

இந்தியாவில் வேலை செய்பவர்கள் நிறுவனத்தின் விலங்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் எண் இல்லாமல் ஒரு விலங்கைக்கூடத் தொடக்கூடாது. ஒப்புதல் மனுவில் மயக்க மருந்தின் அளவு, ரத்தநாளத்தில் ஊசி போடுவது, நோய் முற்றினால் எந்தக் கட்டத்தில் விலங்கைக் கொல்வது என்பதையெல்லாம் முதலிலேயே எழுதிவிடுங்கள். பிறகு திருத்தம் கேட்டு மாதக்கணக்கில் காத்திருப்பதைவிட இது மேல்.

8 முதல் 12 வார வயதுள்ள சி57 பிளாக் 6 என்ற ஆய்வக இனச் சுண்டெலிகள் வழக்கம். எந்தக் கூண்டிலிருந்து எந்த விலங்கு என்பதை இப்போதே எழுதி வையுங்கள். சுண்டெலிகள் ஒன்றின் எச்சத்தை மற்றொன்று தின்னும். அதனால் ஒரே கூண்டில் இருப்பவற்றின் குடல் நுண்ணுயிர்கள் ஒரே மாதிரி ஆகிவிடும். மைக்ரோகிளியாவின் முதிர்ச்சி குடல் நுண்ணுயிர்களைச் சார்ந்தது என்று 2015இல் காட்டப்பட்டிருக்கிறது. மரபு மாற்றிய விலங்குகள் ஒரு கூண்டிலும் சாதாரண விலங்குகள் இன்னொரு கூண்டிலும் இருந்தால், நீங்கள் அளப்பது மரபணுவை அல்ல, கூண்டை. ஒரே ஈற்றில் பிறந்தவற்றைக் கலந்து வளர்ப்பதுதான் ஒரே வழி. விற்பனையாளர் மாறினாலும் இதே தொல்லைதான். நூல் போன்ற ஒரு குடல் பாக்டீரியா ஓர் இடத்து விலங்குகளில் இருந்து, இன்னோர் இடத்து விலங்குகளில் இல்லாமல் போனதாலேயே டிஎச்17 செல்களின் (அழற்சியைத் தூண்டும் ஒரு டி செல் வகை) எண்ணிக்கை மாறியது என்பது 2009இலேயே தெரிந்த விஷயம்.

தயாராக இருக்க வேண்டியவை: ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் கலந்த குளிர்ந்த பிபிஎஸ் (உப்புக் கரைசல்), ஒரு விலங்குக்கு 30 மில்லி; கால்சியம், மெக்னீசியம் உள்ள எச்பிஎஸ்எஸ் (செல்களுக்கான இன்னொரு உப்புக் கரைசல்), அவை இல்லாத எச்பிஎஸ்எஸ் இரண்டும்; திசுவைக் கரைக்கும் நொதியான கொலாஜினேஸ் டி; டிஎன்ஏவை வெட்டும் நொதியான டிஎன்ஏஸ் 1; செல்களை அடர்த்தியால் பிரிக்கும் திரவமான பெர்கோல்; 70 மைக்ரான் வலைகள்; 2 சதவீதம் கன்றுக்குட்டி சீரமும் 2 மில்லிமோலார் ஈடிடிஏயும் கலந்த பிபிஎஸ். கடைசியாகச் சொன்னதைக் கீழே ‘ஃப்ளோ பஃபர்’ என்று குறிப்பிடுகிறோம்.

ஒரு நாளைக்கு ஆறு மூளை போதும். முதல் முறை என்றால் இரண்டு. ஒருவரே பத்து மூளை செய்தால் முதல் மூளை ஐஸில் மூன்று மணி நேரம் காத்திருக்கும். அதன் செல்கள் செத்துக்கொண்டே இருக்கும். கட்டுப்பாட்டுக் குழுவை முதலிலும் சிகிச்சைக் குழுவைக் கடைசியிலும் செய்பவர்கள் காத்திருந்த நேரத்தைத்தான் கண்டுபிடிப்பாக எழுதுகிறார்கள். மாற்றி மாற்றிச் செய்யுங்கள்.

ரத்தத்தைக் கழுவுவது

மொத்தச் சோதனையிலும் தலையாய கட்டம் இதுதான். சுண்டெலி ரத்தத்தின் ஒரு மைக்ரோலிட்டரில் சில ஆயிரம் வெள்ளணுக்கள் இருக்கும். மூளையில் பத்து மைக்ரோலிட்டர் ரத்தம் தங்கினாலே பல்லாயிரம் வெள்ளணுக்கள் கணக்கில் சேர்ந்துவிடும். ஆரோக்கியமான மூளைத் திசுவில் உண்மையாகக் குடியிருக்கும் டி செல்களின் எண்ணிக்கை அதைவிட மிகக் குறைவு. ‘மூளைக்குள் டி செல்கள் ஊடுருவின’ என்று எழுதும் முன் இந்தக் கணக்கை மனதில் வையுங்கள்.

விலங்கு ஆழ்ந்த மயக்கத்தில் இருக்கிறதா என்று கால்விரலைக் கிள்ளிப் பாருங்கள். காலை இழுக்கக் கூடாது. மார்புக்கூட்டைத் திறந்ததும் இதயம் துடித்துக்கொண்டிருக்க வேண்டும். துடிப்பு நின்றபின் கழுவ ஆரம்பித்தால் நுண்குழாய்களில் ரத்தம் உறைந்துவிடும். 25 கேஜ் பட்டாம்பூச்சி ஊசியை இடது கீழறையின் நுனி வழியே 3, 4 மில்லிமீட்டர் மட்டும் செலுத்துங்கள். வலது மேலறையைக் கத்தரியால் ஒரு வெட்டு. நிமிடத்துக்கு 5 முதல் 7 மில்லி வேகத்தில் 25, 30 மில்லி போகட்டும்.

கண் வைக்க வேண்டிய இடம் கல்லீரல். கருஞ்சிவப்பாக இருப்பது இரண்டு நிமிடத்துக்குள் ஈரக் களிமண் நிறத்துக்கு வெளுக்க வேண்டும். வெளுக்காமல் நுரையீரல் வெள்ளையாக உப்பி, மூக்கிலிருந்து நீர் கசிந்தால் ஊசி உட்சுவரைக் குத்தி வலது பக்கம் போய்விட்டது என்று அர்த்தம். ஊசியைக் கொஞ்சம் வெளியே இழுங்கள். வேகத்தைக் கூட்டிச் சரிக்கட்ட நினைக்காதீர்கள். அழுத்தத்தில் நுண்குழாய்கள் வெடித்து ரத்தம் திசுவுக்குள்ளேயே போய்விடும். மூளையை வெளியே எடுத்ததும் அது பால் வெள்ளையாக இருக்க வேண்டும். மேற்பரப்பில் சிவப்பு இழைகள் தெரிந்தால் குறிப்பேட்டில் ‘அரைகுறை’ என்று எழுதுங்கள். கழுவியதற்கு 1 (மோசம்), 2, 3 (நன்று) என்று மதிப்பெண் போட்டு வைத்தால் பின்னால் எந்தப் புள்ளி ஏன் விலகி நிற்கிறது என்று தெரியும்.

எவ்வளவு நன்றாகக் கழுவினாலும் குழாய்ச் சுவரில் ஒட்டிய செல்கள் போகாது. அதற்கு ஒரு நல்ல உபாயம் உண்டு. கொல்வதற்கு மூன்று நிமிடம் முன் வால் சிரையில் 3 மைக்ரோகிராம் சிடி45 ஆன்டிபாடியை (வெள்ளணுக்களின் மேற்பரப்பில் உள்ள சிடி45 புரதத்தில் ஒட்டுவது) ஒரு நிறத்தில் செலுத்துங்கள். மூன்று நிமிடத்தில் அது ரத்தத்தில் உள்ள செல்களில் மட்டும் ஒட்டும். திசுவுக்குள் போக நேரம் இருக்காது. பிறகு டியூபில் இன்னொரு நிறத்தில் சிடி45 போட்டால், இரண்டு நிறமும் உள்ளது குழாய்க்குள் இருந்த செல், ஒரு நிறம் மட்டும் உள்ளது திசுவுக்குள் இருந்த செல். இரண்டுக்கும் வெவ்வேறு குளோன் (ஒரே புரதத்தின் வெவ்வேறு இடத்தில் ஒட்டும் ஆன்டிபாடி) இருந்தால் நல்லது. ஒரே குளோன் என்றால் முதலாவது இடத்தைப் பிடித்துக்கொண்டு இரண்டாவதை மங்கச் செய்யும். ஊசி வாலில் சரியாக ஏறியதா என்பதற்கு ஒரு சொட்டு ரத்தத்தைத் தனியாக ஓட்டிப் பாருங்கள். அதில் கிட்டத்தட்ட எல்லாச் செல்களும் ஒளிர வேண்டும். ஒளிராத விலங்கைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

எதை ‘மூளை’ என்கிறீர்கள்?

மண்டையோட்டைத் தூக்கும்போது வெளி உறை ஓட்டோடு போய்விடும். உள் உறைகள் மூளையோடு ஒட்டியிருக்கும். மூளையின் உள் அறைகளுக்குள், மூளைநீரைச் சுரக்கும் கோராய்டு பின்னல் இருக்கும். இந்த எல்லைப் பகுதிகளில் டி செல், பி செல், நியூட்ரோஃபில், மேக்ரோஃபேஜ் எல்லாமே ஏராளம். வெளி உறையின் ஒரு துண்டு டியூபில் விழுந்தாலும் மூளைத் திசுவின் சொற்ப லிம்ஃபோசைட்டுகளை அது மூழ்கடித்துவிடும். எனவே மூளையை ஈரமான வடிதாளில் மெல்ல உருட்டி மேற்பரப்பு உறையை நீக்குங்கள். ஸ்டீரியோ நுண்ணோக்கியில் பக்க அறைகளைத் திறந்து கோராய்டு பின்னலை எடுங்கள். மூளைத்தண்டும் சிறுமூளையும் வேண்டுமா வேண்டாமா என்பதை முதல் விலங்கில் முடிவு செய்து கடைசி விலங்குவரை மாற்றாதீர்கள். வெளி உறையே உங்கள் கேள்வி என்றால், மண்டையோட்டின் உட்புறத்திலிருந்து நுண்ணிடுக்கியால் விளிம்பிலிருந்து உரித்து, தனி டியூபில் செரிக்க வையுங்கள். அதில் மையலின் இல்லாததால் பெர்கோல் தேவைப்படாது.

சூடா, ஐஸா?

செல்களைப் பிரிக்க இரண்டு வழி உண்டு. எதைத் தேர்ந்தெடுப்பது என்பது எதை அளக்கப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

நொதி வழியில் மூளையை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான துண்டுகளாக நறுக்கி, கால்சியமும் மெக்னீசியமும் உள்ள எச்பிஎஸ்எஸ் 3 மில்லியில் போடுங்கள். ஒரு மில்லிக்கு 1 மில்லிகிராம் கொலாஜினேஸ் டி, 50 மைக்ரோகிராம் டிஎன்ஏஸ். 37 டிகிரியில் 30 நிமிடம். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பிப்பெட்டால் ஏற்றி இறக்குங்கள்: முதலில் 10 மில்லி பிப்பெட், பிறகு 5, கடைசியில் 1 மில்லி முனை. வோர்டெக்ஸ் (டியூபை வேகமாகக் குலுக்கும் கருவி) கூடவே கூடாது. முடிந்ததும் குளிர்ந்த ஃப்ளோ பஃபரால் டியூபை நிரப்பி 70 மைக்ரான் வலையில் வடிகட்டுங்கள். கொலாஜினேஸுக்குக் கால்சியம் வேண்டும். ஈடிடிஏ அதைப் பறித்துக்கொள்ளும். ஈடிடிஏ உள்ள திரவத்தில் விலங்கைக் கழுவிவிட்டு, மூளையை அலசாமல் நொதியில் போட்டால் அரை மணி நேரம் கழித்தும் துண்டு துண்டாகவே கிடக்கும். நொதி கெட்டுவிட்டது என்று புதுப் பாட்டில் வாங்குவார்கள். பாவம், பாட்டிலில் குற்றமில்லை. கரைசலில் மூக்குச்சளி போல இழைகள் தொங்கினால் அது செத்த செல்களின் டிஎன்ஏ. டிஎன்ஏஸை இன்னொரு பங்கு சேர்த்து ஐந்து நிமிடம் வையுங்கள்.

ஐஸ் வழியில் 7 மில்லி டவுன்ஸ் கண்ணாடி அரைப்பான், 5 மில்லி குளிர்ந்த எச்பிஎஸ்எஸ். தளர்ந்த உலக்கையால் 15 முதல் 20 இடி, பிறகு இறுக்கமான உலக்கையால் 10 முதல் 15. உலக்கையைத் திரவ மட்டத்துக்கு மேல் தூக்காதீர்கள். குமிழி வந்தால் செல் கிழியும். கிடைக்கும் செல்கள் நொதி வழியைவிடக் குறைவு. குழாய்ச் சுவரை ஒட்டிய மேக்ரோஃபேஜ்கள் இதில் நன்றாக வராது.

அப்படியிருக்க ஐஸ் வழி எதற்கு? 37 டிகிரியில் அரை மணி நேரம் இருக்கும் மைக்ரோகிளியா சும்மா இருப்பதில்லை. ஃபாஸ், ஜூன், சிசிஎல்3, சிசிஎல்4 போன்ற மரபணுக்களை அது டியூபுக்குள்ளேயே எழுப்பிவிடுகிறது. ஒற்றைச் செல் ஆர்என்ஏ வரிசையாக்கத்தில் ‘தூண்டப்பட்ட மைக்ரோகிளியா’ என்று ஒரு கூட்டம் தனியாகத் தெரியும். அது மூளையில் இருந்ததே இல்லை, நொதிக் குளியலில் பிறந்தது. 2022இல் ஒரு குழு இதை விரிவாகக் காட்டி மாற்றும் சொன்னது. கழுவும் திரவத்திலிருந்தே ஆக்டினோமைசின் டி, டிரிப்டோலைடு ஆகிய படியெடுப்புத் தடுப்பான்களைச் சேர்த்து, செரிக்கும் கட்டத்தில் அனிசோமைசினையும் சேர்ப்பது. ஆக்டினோமைசின் டி மில்லிக்கு 5 மைக்ரோகிராம், டிரிப்டோலைடு 10 மைக்ரோமோலார். இவை நச்சுப் பொருள்கள்; கையுறையோடு ஃப்யூம் ஹூடில் கலக்குங்கள். கழிவைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள்.

லிம்ஃபோசைட்டுகளை எண்ணுவதுதான் வேலை என்றால் நொதி வழி. மைக்ரோகிளியாவின் ஆர்என்ஏ என்றால் ஐஸ் வழி, அல்லது தடுப்பான் சேர்த்த நொதி வழி. டிரிப்சின் பக்கம் போகவே போகாதீர்கள்; மேற்பரப்புப் புரதங்களை மொட்டையடித்துவிடும். கொலாஜினேஸும் சில புரதங்களை வெட்டும், அதுவும் லாட்டுக்கு லாட் மாறும். புது லாட் வந்ததும் மண்ணீரல் செல்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை நொதியில் அரை மணி நேரம் வைத்து, இரண்டையும் உங்கள் எல்லா ஆன்டிபாடிகளாலும் சாயமேற்றிப் பாருங்கள். எது மங்குகிறதோ அதை நம்பக் கூடாது.

பெர்கோல்

பாட்டிலில் இருக்கும் பெர்கோலுக்கு அடர்த்தி உண்டு, உப்பு இல்லை. அதை அப்படியே நீர்த்தால் செல்கள் ஊதி வெடிக்கும். 9 மில்லி பெர்கோலுடன் 1 மில்லி பத்து மடங்கு பிபிஎஸ் கலந்தால்தான் ‘நூறு சதவீதம்’. பல ஆய்வகங்களில் செல் கிடைக்காததற்குக் காரணம் பத்து மடங்குக்குப் பதில் ஒரு மடங்கு பிபிஎஸ்ஸை எடுத்த கைதான்.

இதிலிருந்து 70 சதவீதத்துக்கு 7 மில்லியுடன் 3 மில்லி எச்பிஎஸ்எஸ். 37 சதவீதத்துக்கு 3.7 மில்லியுடன் 6.3 மில்லி. எல்லாம் அறை வெப்பத்தில் இருக்கட்டும். குளிர்ந்தால் அடர்த்தி மாறி அடுக்குகள் இடம் மாறும். ஓர் உபாயம்: 37 சதவீதத்துக்கு ஃபீனால் ரெட் உள்ள எச்பிஎஸ்எஸ்ஸையும் 70க்கு நிறமற்றதையும் எடுத்தால் எல்லைக்கோடு கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும்.

ஒரு மூளையிலிருந்து வடிகட்டிய செல்களைச் சுழற்றிக் கிடைத்த வண்டலை 4 மில்லி 37 சதவீதத்தில் கலந்து 15 மில்லி டியூபில் ஊற்றுங்கள். நீண்ட பாஸ்டர் பிப்பெட்டை அடிவரை விட்டு 4 மில்லி 70 சதவீதத்தை அடியில் மெல்ல நழுவ விடுங்கள். மேலே 2 மில்லி எச்பிஎஸ்எஸ்ஸைச் சுவரோடு வழிய விடுங்கள். 500 ஜி, 30 நிமிடம், 20 டிகிரி. பிரேக்கை அணைத்துவிடுங்கள். பொதுச் சென்ட்ரிஃபியூஜ் என்றால் உங்களுக்கு முன் பயன்படுத்தியவர் பிரேக்கை 9இல் வைத்துவிட்டுப் போயிருப்பார்; ஒவ்வொரு முறையும் பாருங்கள். பிரேக் பிடித்தால் அரை மணி நேர வேலை ஐந்து விநாடியில் கலங்கும்.

வெளியே எடுத்த டியூபில் உச்சியில் தயிரேடு போல மையலின். நடுவே 37க்கும் 70க்கும் இடையில் மங்கலான புகை வளையம். அதுதான் உங்கள் செல்கள். அடியில் சிவப்பணு. முதலில் மையலினை உறிஞ்சி எறியுங்கள், முனையை மாற்றுங்கள், பிறகு வளையத்திலிருந்து 2, 3 மில்லி எடுங்கள். முனையை மாற்றாமல் இறக்கினால் எறிந்த மையலினில் பாதி திரும்பி வந்துவிடும்.

எடுத்ததைக் குறைந்தது மூன்று மடங்கு பஃபரில் கலந்து 500 ஜியில் பத்து நிமிடம் சுழற்றுங்கள். போதுமான அளவு நீர்க்காவிட்டால் பெர்கோலின் அடர்த்தியிலேயே செல்கள் மிதந்துகொண்டிருக்கும். வண்டல் தெரியாது, மேல்நீரை ஊற்றும்போது ஆறு மணி நேர உழைப்பும் சேர்ந்து சாக்கடைக்குப் போகும். முதல் சில முறை மேல்நீரைக் கொட்டாமல் வைத்திருந்து நுண்ணோக்கியில் ஒரு சொட்டுப் பாருங்கள்.

ஒரு டியூபுக்கு ஒரு மூளை என்பதில் கஞ்சத்தனம் வேண்டாம். இரண்டு போட்டால் மையலின் அடைத்துக்கொண்டு செல்களையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். ஒரு வளர்ந்த சுண்டெலி மூளையிலிருந்து ஒரு லட்சம் முதல் சில லட்சம் வரை செல் கிடைத்தால் வேலை சரி. பத்து லட்சத்துக்கு மேல் வந்தால் மகிழ வேண்டாம். தானியங்கி எண்ணி மையலின் உருண்டைகளையும் எண்ணியிருக்கும். செத்த செல்லை நீலமாக்கும் ட்ரைபான் ப்ளூ போட்டுக் கையால் எண்ணிப் பாருங்கள்.

சாயமேற்றுதல்

செத்த செல்லைக் காட்டும் சாயம் புரதத்தில் உள்ள அமீனில் ஒட்டும். ஃப்ளோ பஃபரில் அதைப் போட்டால் சீரமே எல்லாவற்றையும் விழுங்கிவிடும். வெறும் பிபிஎஸ்ஸில் ஒருமுறை கழுவி, அதிலேயே சாயத்தைப் போட்டு 15 நிமிடம் இருட்டில் வையுங்கள். பிறகு ஃப்ளோ பஃபரில் கழுவி, சிடி16/32 ஆன்டிபாடியால் பத்து நிமிடம் அடைப்பு. பத்து லட்சம் செல்லுக்கு 1 மைக்ரோகிராம். இதை விட்டால் மைக்ரோகிளியா எல்லா ஆன்டிபாடியையும் வால் பக்கத்தால் பிடித்துக்கொண்டு ‘எல்லாம் நேர்மறை’ என்று காட்டும். நரம்பியலிலிருந்து வருபவர்கள் மறக்கும் முதல் பொருள் இதுதான்.

செல்லின் வகையைக் காட்டும் மேற்பரப்புப் புரதங்களின் (குறியீடுகளின்) அடிப்படைப் பட்டியல்: சிடி45, சிடி11பி, எல்ஒய்6சி, எல்ஒய்6ஜி, டிசிஆர் பீட்டா, சிடி19, மைக்ரோகிளியாவுக்குப் பி2ஆர்ஒய்12, எல்லை மேக்ரோஃபேஜுக்குச் சிடி206. ஐஸில், இருட்டில், 30 நிமிடம். வயதான விலங்கின் மைக்ரோகிளியா லிபோஃபசின் சேர்ந்து தானாகவே பச்சையும் ஆரஞ்சும் ஒளிரும். மங்கலான குறியீட்டை அந்தப் பக்கம் வைக்காதீர்கள்; தொலைசிவப்புக்குத் தள்ளுங்கள். சாயமே போடாத மூளைச் செல் ஒரு டியூப் கட்டாயம் வேண்டும். மண்ணீரல் செல்லைச் சாயமற்ற கட்டுப்பாடாக வைப்பது வேறு ஊர் வரைபடத்தை வைத்துக்கொண்டு வழி தேடுவது போல.

ஒவ்வொரு நிறத்தையும் தனியாகக் காட்டும் கட்டுப்பாட்டுக்கு, ஆன்டிபாடி ஒட்டும் நுண்மணிகளில் சாயமேற்றினால் போதும். செத்த செல் சாயத்துக்கு மட்டும் செல்களில் பாதியை 65 டிகிரியில் ஐந்து நிமிடம் வைத்துக் கொன்று, உயிருள்ள பாதியோடு கலந்துகொள்ளுங்கள். எல்லை தெளிவாக இல்லாத குறியீடுகளுக்கு, அதை மட்டும் விட்டு மற்ற எல்லாம் போட்ட டியூப் தேவை.

படத்தைப் படிப்பது

துகள்களை விலக்கி, ஒற்றைச் செல், உயிருள்ள செல் என்று வந்தபின் சிடி45ஐ ஓர் அச்சிலும் சிடி11பியை மறு அச்சிலும் வையுங்கள். சிடி45 நடுத்தரமும் சிடி11பி உயரமும் உள்ளது மைக்ரோகிளியா. இரண்டும் உயரம் என்றால் ரத்தத்திலிருந்து வந்த மோனோசைட், நியூட்ரோஃபில் மற்றும் எல்லை மேக்ரோஃபேஜ். சிடி45 மட்டும் உயரம் என்றால் பெரும்பாலும் லிம்ஃபோசைட். நன்றாகக் கழுவிய ஆரோக்கியமான மூளையில் சிடி45 உள்ள செல்களில் பத்துக்கு எட்டு, ஒன்பது மைக்ரோகிளியாவாக இருக்க வேண்டும். அதில் எல்ஒய்6ஜி உள்ள நியூட்ரோஃபில்கள் பளிச்சென்று ஒரு கூட்டமாகத் தெரிந்தால் ரத்தம் மிஞ்சியிருக்கிறது, அல்லது உறை விழுந்திருக்கிறது. டி செல் எண்ணிக்கையைப் பார்ப்பதற்கு முன் நியூட்ரோஃபிலைப் பாருங்கள்.

அழற்சி வந்த மூளையில் இந்த அழகான பிரிவு குலைந்துவிடும். தூண்டப்பட்ட மைக்ரோகிளியா சிடி45ஐ உயர்த்தும், தன் அடையாளப் புரதங்களான பி2ஆர்ஒய்12ஐயும் டிஎம்இஎம்119ஐயும் இறக்கும். உள்ளே வந்த மோனோசைட் நாளடைவில் மைக்ரோகிளியா வேடம் போடும். திசு வெட்டில் மைக்ரோகிளியாவைக் காட்டப் போடும் ஐபிஏ1 சாயம் இரண்டையும் பிரிக்காது. ‘ஐபிஏ1 கூடியது, எனவே மைக்ரோகிளியா பெருகியது’ என்று எழுதினால் நோயெதிர்ப்பியல் பக்கத்து மதிப்பாய்வாளர் விடமாட்டார். சந்தேகம் தீர்க்க ஒரு வழி உண்டு. மைக்ரோகிளியா கருப்பையில் மஞ்சட்கரு பையிலிருந்து வந்து, பிறகு தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ளும் இனம் என்று 2010இல் ஃபுளோரான் ஜின்ஹூவின் குழு காட்டியது. மோனோசைட் ரத்தத்தில் சில நாள்தான் இருக்கும். சிஎக்ஸ்3சிஆர்1 கிரீஇஆர் விலங்குக்கு (டாமாக்சிஃபென் மருந்து பட்டதும் இந்த இரண்டு வகைச் செல்லிலும் நிறக்குறி விழும்படி மரபு மாற்றியது) டாமாக்சிஃபென் கொடுத்து நான்கு வாரத்துக்கு மேல் காத்திருந்தால், குறியிட்ட மோனோசைட் எல்லாம் போய்ப் புதியது வந்துவிடும். மைக்ரோகிளியாவில் குறி நிற்கும். அதன்பின் நோயை உண்டாக்கினால் யார் வீட்டுக்காரர், யார் வந்தவர் என்பது நிறத்திலேயே தெரியும்.

சதவீதத்தை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். பெர்கோலில் மைக்ரோகிளியா கொஞ்சம் தொலைந்தால் டி செல்லின் சதவீதம் தானாகவே ஏறும். எண்ணிக்கை தெரிந்த நுண்மணிகளைச் சேர்த்து, ஒரு மூளைக்கு எத்தனை செல் என்று கணக்கிடுங்கள். புள்ளியியலில் ஒரு விலங்கு ஒரு புள்ளி. இருபதாயிரம் செல் படித்தால் இருபதாயிரம் புள்ளி ஆகிவிடாது.

நேர்மறைக் கட்டுப்பாடு

ஆரோக்கியமான மூளையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால், டி செல் இல்லாததால் தெரியவில்லையா, உங்கள் முறை சரியில்லாததால் தெரியவில்லையா என்று புரியாது. ஈஏஈ (நோயெதிர்ப்புச் செல்கள் மையலினையே தாக்கும்படி ஊசி போட்டு உண்டாக்கும் மூளை, தண்டுவட அழற்சி) வந்த விலங்கின் தண்டுவடத்தை ஒருமுறை செய்து பாருங்கள். 8 முதல் 12 வாரப் பெண் சி57 பிளாக் 6க்கு எம்ஓஜி 35-55 பெப்டைடு (ஒரு மையலின் புரதத்தின் துண்டு) 200 மைக்ரோகிராம், நோயெதிர்ப்பைத் தூண்டும் எண்ணெய்க் கலவையான முழு ஃப்ராய்ண்ட் துணைப்பொருளில் குழைத்துத் தோலடியில். அன்றும் இரண்டு நாள் கழித்தும் 200 நானோகிராம் பெர்டூசிஸ் நஞ்சு வயிற்றறையில். 9 முதல் 14 நாளுக்குள் வால் துவளும்.

இதில் தோற்பதற்கு முக்கால்வாசிக் காரணம் குழைவு. இரண்டு கண்ணாடி சிரிஞ்சுகளை இணைத்து, தள்ளவே கை வலிக்கும் அளவு கெட்டியாகும்வரை முன்னும் பின்னும் தள்ளுங்கள். ஒரு கிண்ணம் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். சொட்டு உருண்டையாகவே மிதந்தால் தயார். ஓரங்களில் பால் போல விரிந்தால் இன்னும் தள்ள வேண்டும். பின்னங்கால் விழுந்த விலங்குக்குக் கூண்டின் தரையில் ஈரத் தீவனமும் எட்டும் உயரத்தில் தண்ணீரும் வையுங்கள். இல்லாவிட்டால் நோயால் மெலிந்ததா பசியால் மெலிந்ததா என்று தெரியாது. விலங்கும் வீணாக வதைபடும்.

எதிர்ப்பக்கத்திலிருந்து வருபவருக்கு

நோயெதிர்ப்பியல்காரர் நடத்தைச் சோதனைக்குப் போகும்போது விழும் குழி வேறு. எல்பிஎஸ் (பாக்டீரியாவின் சுவரிலுள்ள, அழற்சியைத் தூண்டும் எண்டோடாக்சின்) போட்ட சுண்டெலி சில மணி நேரத்துக்கு மூலையில் சுருண்டு கிடக்கும், தின்னாது, நகராது. அந்த நேரத்தில் நினைவாற்றல் சோதனை வைத்தால் ‘நினைவு குறைந்தது’ என்று வரும். காய்ச்சலில் கிடப்பவரிடம் கணக்குப் பரீட்சை வைத்ததுபோல. திறந்தவெளிப் பெட்டியில் எவ்வளவு தூரம் நடந்தது, எடை எவ்வளவு குறைந்தது என்று முதலில் அளந்து, அவை பழைய நிலைக்கு வந்தபின் சோதனை வையுங்கள். பெரும்பாலும் 24 மணி நேரம் தேவை. சோதனை செய்யும் நேரமும் ஒன்றாக இருக்கட்டும். கார்ட்டிகோஸ்டிரோனும் ரத்த வெள்ளணுக்களும் நாளின் பொழுதுக்கு ஏற்ப ஏறி இறங்கும். காலையில் கட்டுப்பாட்டுக் குழு, மாலையில் சிகிச்சைக் குழு என்றால் இரண்டு துறையும் சேர்ந்து ஏமாற்றும். பாக்டீரியாவில் செய்த மறுசேர்க்கைப் புரதத்தை மூளையில் செலுத்துவதாக இருந்தால் அதில் எண்டோடாக்சின் எவ்வளவு என்று அளக்காமல் செலுத்தாதீர்கள். மைக்ரோகிளியா உங்கள் புரதத்துக்கு முன் அதற்குத்தான் பதில் சொல்லும்.

படிப்பைத் திட்டமிடுவோருக்கு இரண்டு வரி. இந்தியாவில் தேசிய நோயெதிர்ப்பியல் நிறுவனம் டெல்லியில் இருக்கிறது, தேசிய மூளை ஆராய்ச்சி மையம் பக்கத்திலேயே மானேசரில். இரண்டுக்கும் நடுவே ஒரு நெடுஞ்சாலை, அவ்வளவுதான். உங்கள் முனைவர் பட்டக் குழுவில் எதிர்த்துறைக்காரர் ஒருவரை முதல் கூட்டத்திலிருந்தே சேர்த்துக்கொள்ளுங்கள். அவரிடம் முடிவுப் படத்தைக் காட்டாதீர்கள், ஃப்ளோ சைட்டோமீட்டரில் துகள்களை விலக்கிச் செல்களைத் தேர்ந்தெடுத்த முதல் படத்தைக் காட்டுங்கள். எதிர்த்துறை ஆய்வகத்தில் ஆறு வாரம் உட்கார்ந்து அவர்களுடைய மிகச் சாதாரண சோதனையை மூன்று முறை தனியாகச் செய்து முடிப்பது, இரண்டு பாடத்திட்டம் படிப்பதைவிட உதவும்.

ஒவ்வொரு விலங்குக்கும் ஒரு வரி எழுதுங்கள்: கூண்டு எண், பாலினம், கொன்ற நேரம், கழுவிய மதிப்பெண், இதயம் நின்றதிலிருந்து ஐஸில் வைத்தது வரை எத்தனை நிமிடம், உயிருள்ள செல் சதவீதம், மொத்த எண்ணிக்கை, நியூட்ரோஃபில் கூட்டம் உண்டா இல்லையா. எந்த விலங்கை நீக்குவது என்ற விதியையும், உதாரணமாக ‘கழுவிய மதிப்பெண் 1 என்றால் நீக்கம், உயிருள்ள செல் 70 சதவீதத்துக்குக் கீழ் என்றால் நீக்கம்’ என்று, கருவியை ஓட்டுவதற்கு முந்தைய நாளே எழுதித் தேதி போட்டு வையுங்கள். படத்தைப் பார்த்தபின் எழுதும் விதி விதியல்ல.